மறுநாள் காலை என்ன பெயர்?

நீதிமன்ற வராந்தாவில் பழைய சகாக்களைப் பார்த்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "என்ன மேடம், கேஸையெல்லாம் விட்டுட்டு இப்ப டீச்சர் வேலையா?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வராந்தாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழிலாளர் வழக்கறிஞர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் பாதி லேபர் கோர்ட்டிலும் சமரச அதிகாரி அறையிலும் போனது. வேலைநீக்கம், பணிநிரந்தரம், பஞ்சப்படி, பணிக்கொடை, இவைதான் உலகம். இரண்டாம் பாதியில் என் நேரத்தில் பெரும்பகுதி தொழிற்பயிற்சிகளிலும், அந்தப் பயிற்சிக்கு ஆட்கள் வருகிற குடியிருப்புகளிலும் கழிகிறது. பாடம் நடத்துவது நான் இல்லை, அதற்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கான ஒப்பந்தத்தைப் படிப்பது, அதில் இல்லாததைக் கேட்டு வாங்குவது, வேலை தருவதாக வாயால் சொன்னவர் காகிதத்தில் கையெழுத்துப் போடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் என் வேலை.

இந்தப் பக்கம் திரும்பியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தோற்றுப்போன ஒரு வழக்கு. இன்னொன்று, ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்தம்.

முதலில் தோற்றதைச் சொல்கிறேன். ஏழு பையன்கள், எல்லோரும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். ஒரு தொழிற்சாலையில் 'டிரெய்னி' என்று சேர்ந்து, மூன்று ஷிஃப்டிலும் மெஷின் ஓட்டினார்கள். பக்கத்து மெஷினில் நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலை, அதே உற்பத்திக் கணக்கு. ஒரு நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பயிற்சிக் காலம் முடிந்தது என்று ஒரு வரிக் கடிதம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி உண்டு. பையன்கள் கையில் 480க்கு மேலேயே நாள் இருந்தது. நான் நம்பிக்கையோடுதான் போனேன்.

எதிர்த்தரப்பு ஒரே ஒரு கோப்பை எடுத்து நீட்டியது. தொழில் பழகுநர் சட்டம், 1961இன் கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தங்கள், ஏழு பேருக்கும். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சுற்றி வளைக்காமல் சொல்கிறது: தொழில் பழகுநர் பயிற்சி பெறுபவர், அவர் தொழிலாளி கிடையாது, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சில விஷயங்களில் மட்டும் விலக்கு. மெஷின் விரலை வெட்டினால் அவர் தொழிலாளி மாதிரி. விரல் பத்திரமாக இருக்கும்வரை மாணவர்.

வழக்கு போயிற்று. தீர்ப்பு வந்த அன்று ஒரு பையன் கேட்டான்: "அப்போ மூணு வருஷமா நாங்க செஞ்சது என்ன மேடம்?" நான் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். அவன் கேட்டது சட்டம் இல்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

இங்கே ஒரு சின்னச் சொல் விளையாட்டைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 'தொழிலாளி' யார் என்று வரையறுக்கும் இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'தொழில் பழகுநர் உட்பட' என்று இருந்தது. அந்த அடைப்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். பதிவு செய்யாத ஒப்பந்தம், பெயருக்குப் பயிற்சி, பாடத்திட்டமே இல்லாத பயிற்சி என்று ஏதாவது ஓட்டை கிடைத்தால் அந்த 'உட்பட' வழியாக உள்ளே நுழைவோம். இப்போது அதன் இடத்துக்கு 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, 2025 நவம்பர் 21 முதல் அமலில். அதே வரையறை, அதே அடைப்புக்குறி. உள்ளே மட்டும், தொழில் பழகுநர் சட்டத்தில் வரையறுத்த பழகுநர் 'நீங்கலாக' என்று மாறிவிட்டது. ஒரு சொல்தான். எத்தனை லட்சம் பிள்ளைகள் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறார்கள் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதியிருந்தால் தவிர, பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று 1961 சட்டம் சொன்னதில்லை. முன்பு 22ஆம் பிரிவு, வேலை தருவது முதலாளியின் கடமை அல்ல என்று நேரடியாகவே சொன்னது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை எடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. கொள்கை என்றால், 'எடுக்க மாட்டோம்' என்பதும் கொள்கைதானே? உச்ச நீதிமன்றம் 1995இல், உத்தரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், வெளியிலிருந்து வருகிறவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும், பயிற்சிக் காலத்துக்கு வயது வரம்பில் தளர்வும் தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆள் எடுத்தால்தானே முன்னுரிமை? அந்த ஏழு பேர் இருந்த இடத்தில் அடுத்த வருடம் எடுத்ததும் புது டிரெய்னிகளைத்தான்.

பயிற்சி என்ற சொல்லை இதைவிட மோசமாக வளைத்ததை மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் பார்த்தோம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். வேலை பார்த்த பெண்பிள்ளைகளை ஏட்டில் பழகுநர் என்று எழுதிக்கொண்டார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே நீட்டவில்லை.

அடுத்தது நான் 'ஜெயித்த' ஒப்பந்தம். இதுதான் சொல்லக் கூச்சமாக இருப்பது, ஏனென்றால் இதில் தவறு என்னுடையது.

ஓர் ஆலை மூடப்படுகிறது. சங்கத்தின் சார்பில் நான். பல மாதப் பேச்சுவார்த்தை, கேட் மீட்டிங், ஆர்ப்பாட்டம் எல்லாம் முடிந்து, சமரச அதிகாரி முன்னிலையில், 1947 சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம். எங்கள் தொழிலில் 'பன்னெண்டு மூணு' என்றால் ஒரு தனி மரியாதை உண்டு, அது அந்தச் சங்கத்து ஆட்களை மட்டுமில்லாமல் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். சட்டப்படி வர வேண்டியதைவிட நல்ல தொகை வாங்கிவிட்டோம். கடைசிப் பக்கத்தில், எல்லோரும் களைத்துப் போயிருந்த நேரத்தில், நானே ஒரு ஷரத்தைச் சேர்த்தேன்: 'பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான மறுபயிற்சி அளிக்கப்படும்.' நிர்வாகம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியவர்கள், இதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்கள்.

ஒரு வருடம் கழித்து அந்த ஆலையின் ஃபிட்டர் ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தேன். இரும்பைத் தொட்டே அதன் குணத்தைச் சொல்லக்கூடியவர். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பயிற்சி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"வந்துச்சு மேடம். மூணு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ். எலியைப் பிடிச்சு இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தக் கத்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இருக்கிற எலியை விரட்டத்தான் என்னைக் காவலுக்கு வெச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். நான் அன்று இரவு அந்த ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். 'அளிக்கப்படும்.' யாரால்? எந்தத் தொழிலில்? எத்தனை நாளைக்குள்? பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? முடித்ததும் எங்கே வேலை? ஒன்றுமே இல்லை. பணிக்கொடைக்கு நான் எழுதிய ஷரத்தில் நாள், தொகை, தவறினால் வட்டி எல்லாம் இருந்தது. பயிற்சிக்கு மட்டும் ஒரு 'படும்' போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அந்தப் 'படும்'முக்குப் பின்னால் யாருமே இல்லை. பயிற்சியை நான் ஓர் உரிமையாக நினைக்கவில்லை, பெரிய பேரத்தின் மேல் தூவிய சர்க்கரையாக நினைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வகுப்பில் உட்கார முடியாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. முதல் மாதத்திலேயே பாதிப் பேர் கழன்றுவிட்டார்களாம்.

இப்போதைய சட்டத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது, 83ஆம் பிரிவு. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் கூலியை முதலாளி அந்த மறுதிறன் நிதிக்குக் கட்ட வேண்டும். ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு 'ஆட்குறைப்பு நேர்ந்தால் மட்டும்' என்று கட்டம் கட்டியிருக்கிறது. பணம் கணக்கில் விழுமே தவிர, எந்தப் பயிற்சி நிலையத்தின் கதவும் அதனால் திறக்காது. இருபது வருடம் வேலை பார்த்தவருக்கும் இரண்டு வருடம் பார்த்தவருக்கும் அதே 15 நாள்தான். அரை மாதக் கூலியில் ஐம்பது வயது ஆள் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வார் என்று அதை எழுதியவர்கள் நினைத்தார்களோ! எதுவுமே இல்லாததற்கு இது மேல் என்பார்கள். சரி. ஆனால் என்னுடைய பழைய ஷரத்தின் வாசனை அதிலும் அடிக்கிறது.

அந்தக் காலகட்டத்தில்தான், நம் தொழிலில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். வழக்கறிஞர்கள் தொழிலாளர் பக்கம் நிற்பது நம் ஊரில் புதிதில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய வ.உ.சி. வக்கீல். 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் வக்கீல். ஆனால் நான் தேடியது, கூலிச் சண்டையோடு நிற்காமல் பயிற்சிக்குள்ளும் தெருவுக்குள்ளும் போன ஒருவரை. அப்படித்தான் இலா பட்டிடம் வந்து நின்றேன்.

அவரைப் பெண்கள் இயக்கத் தலைவராகவும் வங்கி தொடங்கியவராகவும் நிறையப் பேருக்குத் தெரியும். அவர் தொழிலாளர் வழக்கறிஞராகத் தொடங்கியவர் என்பது அவ்வளவு பேசப்படுவதில்லை. 1954இல் சட்டப் படிப்பு முடித்தார். அடுத்த ஆண்டு அகமதாபாத்தின் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில், அதன் சட்டப் பிரிவில் சேர்ந்தார். அனசூயா சாராபாயும் காந்தியும் 1920இல் உருவாக்கிய சங்கம் அது. 1968இல் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்குத் தலைவரானார். அந்தப் பிரிவு அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பயிற்சி. மில் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல், பின்னல், எம்பிராய்டரி, டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து வகுப்புகள். அதாவது இன்றைக்கும் எந்தச் சமூக மேம்பாட்டுத் திட்டத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருக்குமே, அதே பட்டியல். (தையல் மிஷின் மேல் எனக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாராவது எழுந்தால், அடுத்த வாக்கியத்தில் அது வந்துவிடும் என்று பந்தயம் கட்டலாம்.)

1971இல் ஜவுளிச் சந்தையில் வண்டி இழுக்கும் பெண்கள் சிலர் அந்தச் சங்கத்துக்கு வந்தார்கள். வந்தது வீட்டு வசதி கேட்டு. அவர்களோடு போய்ப் பார்த்த இலா பட், அங்கே தலைச்சுமை தூக்கும் பெண்களையும் சந்தித்தார். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதற்கும் ஒழுங்கான கணக்கு இல்லை. அதை ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம். அப்படியெல்லாம் இல்லை, நாங்கள் நியாயமான கூலிதான் தருகிறோம் என்று மறுப்பு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்த மறுப்பை அப்படியே அட்டைகளில் அச்சடித்துப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். 'இந்தா, நீங்கள் தருவதாகச் சொன்ன கூலி, இதைக் கொடு' என்று கேட்கலாம் அல்லவா? வழக்கு இல்லை, மனு இல்லை. எதிர்த்தரப்பின் ஒப்புதல் வாக்குமூலத்தையே ஆவணமாக்கிய இந்த வேலையைப் பார்த்தபோது, இது வக்கீல் மூளைதான் என்று எனக்குள் ஒரு பெருமை.

பிறகு சேவா என்ற பெயரில் சுயதொழில் பெண்களுக்கான சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது பதிவாளர் மறுத்தார். காரணம், இவர்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாவிட்டால் போராட யார் இருக்கிறார்கள், அப்புறம் சங்கம் எதற்கு? சங்கம் என்பது தொழிலாளர்கள் ஒன்று சேர்வதற்காகத்தான், முதலாளியோடு சண்டை போடுவதற்கு மட்டும் இல்லை என்று வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்துக் கூட்டுறவு வங்கி. சுமார் 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு. இங்கேயும் பதிவாளர் ஓர் இடைஞ்சல்: பங்குதாரர்களுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே, வங்கியை எப்படி நடத்துவார்கள்? பதிவுக்கு முன்னால் நிற்க வேண்டிய பெண்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகிவிட்டுப் போனார்கள்.

பயிற்சி என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த ஓர் இரவுதான் நினைவுக்கு வரும். பாடத்திட்டம் ஒரே ஒரு சொல், அவரவர் பெயர். மறுநாள் காலை அந்தச் சொல்லுக்கு ஒரு மேசை காத்திருந்தது.

எனக்கு இதில் புரிந்தது இதுதான். தலைச்சுமை தூக்கும் பெண்ணுக்குச் சுமை தூக்கத் தெரியாமல் இல்லை. அவள் தொழிலாளி என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஏழு பையன்களுக்கும் மெஷின் ஓட்டத் தெரியாமல் இல்லை, ஏட்டில் அவர்கள் மாணவர்கள். பல இடங்களில் திறன் குறைவு என்று நாம் சொல்வது, பெயரும் கூலியும் குறைவாக எழுதப்பட்டிருப்பது. அதற்குப் பிறகு யார் வந்து பயிற்சித் திட்டம் என்று சொன்னாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: பயிற்சி முடிந்த மறுநாள் காலை இவருக்கு என்ன பெயர், என்ன கூலி, அதை யார் எழுதிக் கொடுப்பார்?

கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசித் திட்டங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நிற்காமல் போன ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டட வேலை பார்க்கும் பெண்கள், 22 பேர். எல்லோரும் சித்தாள்கள். நம் மொழியே இந்த விஷயத்தில் ஒரு கூலி அட்டவணை மாதிரி இருக்கிறது. சிறு ஆள், சிற்றாள், சித்தாள். கொத்து வேலை செய்பவர் மட்டும் கொத்தன் என்று நிற்காமல் மரியாதை விகுதியோடு 'கொத்தனார்'. ஆண் ஒருவர் கையாளாகச் சேர்ந்தால், நாலைந்து வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்து, மதிய வேளையில் கரண்டியை எடுத்துப் பழகி, ஒரு நாள் கொத்தனார் ஆகிவிடுவார். பெண் பதினெட்டு வயதில் சித்தாளாகச் சேர்ந்தால் ஐம்பத்தைந்திலும் சித்தாள்தான். இடுப்பும் கழுத்தும் போன பிறகு அதுவும் கிடையாது.

இந்த 22 பேரில் ஒரு அக்காவுக்கு முப்பது வருட அனுபவம். பயிற்சியின் முதல் நாள் பயிற்றுநர் தூக்குக்குண்டை எடுத்துக் காட்டி இது என்ன தெரியுமா என்று கேட்டார். அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்துவிட்டு, "அது எதுக்குங்க, இந்தச் சுவரு வடக்கால சாஞ்சிருக்கு, கண்ணுலயே தெரியுதே" என்றார். குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். சாய்ந்துதான் இருந்தது. கலவையின் பதம், செங்கல்லை எவ்வளவு நனைக்க வேண்டும், பூச்சு எப்போது இறுகும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். முப்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? கை பழகவில்லை, அவ்வளவுதான். கரண்டி பிடிப்பது, மணியாசு போட்டுத் தேய்ப்பது, ரசமட்டம் வைப்பது, இதற்கு 45 நாள் போதுமாக இருந்தது.

இவர்களில் சிலர் ஏற்கெனவே அனுபவத்துக்குச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டம் ஒன்றில் கலந்துகொண்டவர்கள். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் 'ஹெல்பர்' என்று இருந்தது. சித்தாளுக்கு ஆங்கிலப் பெயர்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே நான் அலைந்தது வேலைக்காக. ஒரு சின்னக் குடியிருப்புக் கட்டடம் எழுப்பும் ஒப்பந்தக்காரரிடம் பல தடவை போய் உட்கார்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மேஸ்திரிதான் பேசினார்.

"மேடம், வேலை வராதுன்னு நான் சொல்லவே இல்ல. சாரத்துல ஏறுவாங்களா? அதை விடுங்க. அவங்களுக்கு யாரு சித்தாளு?"

நான் இதை யோசிக்கவே இல்லை. கொத்தனாருக்குக் கீழே கலவை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பெண் கொத்தனாருக்குக் கையாளாக நிற்க எந்த ஆண் வருவான்? வேறொரு பெண் வந்தால், அவள் ஏன் தன்னைப் போன்ற ஒருத்திக்குச் சட்டி தூக்க வேண்டும், அதே பயிற்சியை அவளும்தானே முடித்தாள்? சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. கடைசியில் வழி சொன்னது அந்தப் பெண்கள்தான். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டார்கள். இன்று நீ கொத்தனார், நான் கையாள், நாளை மாறிக்கொள்வோம். வாரக் கடைசியில் இரண்டு கூலியையும் கூட்டிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். மேஸ்திரி கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "கணக்கு சரியாத்தான் வருது" என்றார்.

ஒப்பந்தம் இரண்டரைப் பக்கம். இந்தத் தடவை ஒரு 'படும்' கூட இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் இருக்கிறார், ஒரு தேதி இருக்கிறது. பயிற்சி நாட்களில் சித்தாள் கூலியை, பயிற்சி நடத்தும் அமைப்பு தினமும் தரும். பயிற்சி முடிந்த அடுத்த திங்கட்கிழமை பத்துப் பேரை ஒப்பந்தக்காரர் வேலைக்கு எடுப்பார். முதல் இரண்டு மாதம் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் நடுவில் ஒரு கூலி, அதற்குப் பிறகு ஆண் கொத்தனாருக்கு என்னவோ அதுவே. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஓர் ஆளும். இது ஏன் தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் குழந்தைகள் காப்பறையை 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில்தான் கட்டாயமாக்கியது. 22 பெண்களின் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மணல் குவியலுக்குத்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல ஆசைதான். பத்தில் மூன்று பேர் முதல் மாதத்திலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கு வீட்டில் எதிர்ப்பு: "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" ஒருவருக்குச் சாரத்தில் ஏறினால் தலை சுற்றல். மூன்றாவது ஆள் காரணமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதிப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு வேறு இடங்களில் வேலை கிடைத்தது, ஏழு பேர் இன்னும் சித்தாளாகவே போகிறார்கள். அவர்களுக்கு எழுதிக் கையெழுத்து வாங்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இந்த வேலையில் வருமானம் எப்படி என்று இளைய வக்கீல்கள் கேட்பார்கள். மோசம். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் கோர்ட்டுக்குப் போகிறேன், அதில்தான் வீடு ஓடுகிறது. பயிற்சிக்கு வருகிறவர்களின் குடியிருப்பில் புதன்கிழமை மாலைகளில் உட்காருவேன். கடன், வாடகை, நலவாரிய அட்டை, குடிகாரக் கணவன், பள்ளியில் சேர்க்காத பிள்ளை, எல்லாம் அங்கே வரும். தொழிலாளர் வழக்கை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்கிறார்கள். எனக்கோ, பல வருடம் கட்சிக்காரரின் வாழ்க்கையில் ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் முழு வீட்டையும் பார்ப்பதுபோல இருக்கிறது. அங்கே வருகிற தொழிலாளர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தால் எனக்குக் கிடைக்கிற கொஞ்சநஞ்ச ஃபீஸும் போய்விடும், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்?

போன மாதம் சுவர் சாய்ந்ததைக் கண்ணாலேயே சொன்ன அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். இப்போது முழுக் கொத்தனார் கூலி வாங்குகிறார். கையில் மஸ்டர் ரோலின், அதாவது வருகைப் பதிவேட்டின், நகல்.

"கூலி சரியா வருது வக்கீலம்மா. பேரு மட்டும் பழசாவே இருக்கு, பாருங்க."

பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 'சித்தாள்'. மற்ற பெண்களுக்கும் அப்படியே. ஒப்பந்தக்காரரின் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். கம்ப்யூட்டரில் 'பெண்' என்று போட்டால் அடுத்த கட்டத்தில் கொத்தனார் என்ற தேர்வே வரவில்லையாம், சித்தாள் ஒன்றுதான் வருகிறதாம். கூலித் தொகையை மட்டும் கையால் மாற்றிப் போடுகிறாராம். அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. நாளைக்கு நலவாரியத்திலோ விபத்து வழக்கிலோ இந்த ஏட்டை எவனாவது நீட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏழு பையன்கள் சொல்லிக்கொடுத்தது. அதனால் அடுத்த கடிதம் நோட்டீஸாகப் போகும்.

அதுவரை அக்கா ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் பேனாவால் 'கொத்தனார்' என்று எழுதுகிறார். எழுத்து கொஞ்சம் கோணல், 'த்' இருக்கும் இடத்தில் சில வாரம் புள்ளி விழுவதில்லை. மற்ற ஆறு பேரும் அவரைப் பார்த்து எழுதுகிறார்கள். கணக்குப்பிள்ளை இதுவரை தடுக்கவில்லை.